கெடாத கோப்பு ஏன் திறக்கவில்லை?

சின்னப் பதிப்பகம் ஒன்று 2003-இல் ஒரு புத்தகம் போட்டது என்று வைத்துக்கொள்வோம். பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி, டிரேசிங் எடுத்து, பிளேட் போட்டு அச்சடித்தார்கள். மூலக் கோப்பைச் சிடியில் ஏற்றி, மார்க்கர் பேனாவால் புத்தகத்தின் பெயரை எழுதி பீரோவில் வைத்தார்கள். இப்போது மறுபதிப்புக்கு ஆள் கேட்கிறார்கள். சிடியில் கீறல் இல்லை; கோப்பு முழுசாக நகலாகிறது. ஆனால் புதுக் கணினிக்கு அது என்ன கோப்பு என்றே தெரியவில்லை. பழைய மென்பொருள் சிடியைத் தேடிப் பிடித்துப் போட்டால், 'இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது' என்று ஒரு பெட்டி வருகிறது. இன்னொரு பழைய கணினியில் எப்படியோ ஏற்றிவிட்டால், எழுத்துருத் தொகுப்பு, கணினியில் செருகும் தன் பூட்டுக் கட்டையான டாங்கிளைக் கேட்கிறது. டாங்கிள் எந்தப் பெட்டியில் போனதோ. விற்ற கடையில் விசாரித்தால் புதுப் பதிப்பு வாங்கச் சொல்கிறார்கள், அதற்கும் வருடா வருடம் புதுப்பித்தல் கட்டணம்.

எரிச்சல் வரத்தான் செய்யும். காசு கொடுத்து வாங்கிய பொருள், உடையவும் இல்லை, தொலையவும் இல்லை. ஆனால் அந்த எரிச்சலில் இரண்டு வேறு விவகாரங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று, யாரும் திட்டமிடாமலே காலப்போக்கில் நடப்பது. மற்றது, ஒருவர் உட்கார்ந்து நிரலில் எழுதி வைத்ததால் நடப்பது. வாடிக்கையாளர் கண்ணுக்கு இரண்டும் 'ஓடவில்லை' என்ற ஒரே விளைவுதான். எது எது என்று தெரியாமல் யாரோடு சண்டை போடுவது?

முதலில், மென்பொருள் பழசாகிக் கெட்டுப்போகுமா என்பதைத் தீர்த்துவிடலாம். கோப்பு என்பது எண்களின் நீண்ட வரிசை. அந்த வரிசை அப்படியே இருக்கிறதா என்று பார்க்க 'சுருக்கெண்' என்ற முறை உண்டு. எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் அதிலிருந்து குறிப்பிட்ட நீளத்தில் ஒரே ஓர் எண்ணைக் கணக்கிட்டுத் தரும். ஷா-256 என்ற முறையில் அந்த எண் எப்போதும் 256 பிட். முழு நாவலில் ஒரு காற்புள்ளியை நீக்கினாலும் சுருக்கெண்ணில் ஏறத்தாழ பாதி பிட்கள் மாறிவிடும். இருபது ஆண்டுகளுக்கு முன் கணக்கிட்ட சுருக்கெண்ணும் இன்றைக்குக் கணக்கிட்டதும் ஒன்றாக இருந்தால், கோப்பில் ஒரு பிட்கூடப் புரளவில்லை என்று நம்பலாம். தனிநபர் கணினிகளுக்கான முதல் விரிதாள் மென்பொருளான விசிகால்க்கின் 1981-ஆம் ஆண்டு ஐபிஎம் பிசி பதிப்பு வெறும் 27 கிலோபைட். அதை எழுதியவர்களில் ஒருவரான டான் பிரிக்லின் உரிமையாளர் அனுமதியோடு அதை எல்லோருக்கும் கிடைக்கச் செய்திருக்கிறார். டாஸ்பாக்ஸ் போன்ற போலிக் கணினிக்குள் போட்டால் இன்றும் கூட்டல் கழித்தல் பிசகுவதில்லை. ஆக, நிரல் கெடவில்லை. அதைச் சுற்றியிருந்தவைதான் மாறிப்போயின.

அப்படி மாறியவற்றில் தமிழர்களுக்கு அதிகம் அடி கொடுத்தது எழுத்து. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று ஒப்புக்கொள்ளும் அட்டவணைக்குக் 'குறியாக்கம்' என்று பெயர். பழைய முறையில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்கள்தான். அதில் பாதியை ஆங்கிலம் பிடித்துக்கொண்டிருந்தது. தமிழ் எழுத்துரு செய்தவர்கள் அவரவர் வசதிக்கு ஏற்ப இடம் பிடித்தார்கள். சிலர் மிச்சமிருந்த பாதியில் தமிழை அடைத்தார்கள். சிலர் ஆங்கிலத்தின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை உட்கார வைத்தார்கள்.

இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் ஏடுகளிலும் பரவிய பாமினி இரண்டாவது வகை. பாமினியில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால் கோப்பில் உண்மையில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். ஜே எழுத்தின் இடத்தில் 'த' வரைந்திருப்பதால் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த வேடம் கலைந்து, ஆங்கில எழுத்துக் குப்பை மிஞ்சும். இதே சொல்லை, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமான யுனிகோடில் எழுதினாலும் ஐந்து எண்கள்தான்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஆனால் அந்த எண்கள் வேறு எவருக்கும் சொந்தமில்லாதவை, தமிழுக்கென்றே ஒதுக்கியவை.

அப்படியானால் பழைய எண்ணுக்குப் பதில் புது எண்ணைப் போட்டு மாற்றிவிட்டால் போதாதா? போதாது. 'கொ' என்ற எழுத்தைப் பாமினி, கண்ணில் படும் வரிசையிலேயே சேமிக்கிறது: முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். யுனிகோடு வாயில் வரும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் க, பின்னால் ஒகரக் குறி. மாற்றித் தரும் நிரல் ஒவ்வொரு கொம்பையும் பிடித்து இடம் நகர்த்த வேண்டும். இதைவிடச் சங்கடம், பக்கத்தின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் வந்தால். எது தமிழ், எது ஆங்கிலம் என்பதற்குக் கோப்பில் இருக்கும் ஒரே சாட்சி எழுத்துருவின் பெயர். வெறும் எழுத்தை மட்டும் நகலெடுத்து மாற்றியில் போட்டால் அந்தச் சாட்சி போய்விடும். 'கார்' என்பதற்கான ஆங்கிலச் சொல் சி, ஏ, ஆர் மூன்றும் 'உயச' என்று வெளியே வரும். பழைய நூல்களை யுனிகோடுக்கு மாற்றிய யாரையும் கேளுங்கள், கடைசியில் ஒரு மெய்ப்புப் பார்ப்பவர் வரிவரியாக உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களைத் தரமாக அறிவித்தது. ஒன்றுக்கு இரண்டு தரம் என்பதே நம் சமரசத்தின் அழகு. 2010-இல் யுனிகோடும், அதோடு டேஸ்-16 என்பதும் தரமாயின. ஒவ்வொரு அறிவிப்புக்கும் நடுவில் பதிப்பகங்கள் புத்தகம் போட்டுக்கொண்டேதான் இருந்தன. அந்தந்தக் காலத்துக் குறியாக்கம் அந்தந்தச் சிடியில் உறங்குகிறது. இதில் எந்த நிறுவனத்தின் சதியும் இல்லை. பொது ஒப்பந்தம் வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்கியதன் விலை இது.

அடுத்தது, மென்பொருளுக்கும் விண்டோஸ் போன்ற இயங்குதளத்துக்கும் நடுவில் இருப்பது. பழைய மிக்ஸியின் ஜாடியை எடுத்துப் புது மிக்ஸியில் வைத்துப் பாருங்கள். ஜாடியில் ஓட்டை இல்லை, பிளேடு மழுங்கவில்லை, ஆனால் அடியில் இருக்கும் பல்லும் மோட்டார் தலையின் பல்லும் கவ்வவில்லை. மென்பொருள் தானாகக் கோப்பைத் திறப்பதில்லை, திரையில் சன்னல் வரைவதில்லை. இயங்குதளத்திடம் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறது. என்ன பெயரில் கேட்பது, எத்தனை விவரம் தருவது, பதில் எந்த வடிவில் வரும் என்ற ஏற்பாடுதான் 'இடைமுகம்'. அந்தப் பல் ஒத்துப்போனால் 'இணக்கம்'. புது இயங்குதளம் பழைய நிரலின் பல்லையும் விட்டுவைத்தால் 'பின்னோக்கிய இணக்கம்'.

பல்லின் அளவே மாறிய தருணங்கள் உண்டு. நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்ட நிரல் எத்தனை பிட் எண்ணைப் பயன்படுத்துகிறது என்பது 16, 32, 64 என்று வளர்ந்தது. 32 பிட்டில் நான்கு கிகாபைட்டுக்கு மேல் எட்டாது என்பதால் 64-க்குப் போவது தவிர்க்க முடியாததுதான். 64-பிட் விண்டோஸ் 32-பிட் நிரல்களை ஓட்டும். 16-பிட் நிரல்களை ஓட்டாது. விண்டோஸ் 11-க்கு 64-பிட் தவிர வேறு பதிப்பே கிடையாது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்த பல மென்பொருள்கள் 32-பிட்டில் எழுதப்பட்டவை, ஆனால் சிடியிலிருந்து அவற்றைக் கணினியில் ஏற்றித்தரும் நிறுவி மட்டும் பழைய 16-பிட். வீட்டுக்குள் இருப்பவருக்கு ஆட்சேபணை இல்லை, கதவைத் திறக்கத்தான் ஆளில்லை என்ற கதை. மைக்ரோசாஃப்ட் இதைத் தெரிந்துகொண்டு, அதிகம் புழங்கிய சில நிறுவிகளை அடையாளம் கண்டு, அவற்றுக்குப் பதில் 32-பிட் நிறுவியை நைசாக மாற்றி ஓட்டும் ஏற்பாட்டை விண்டோஸுக்குள் வைத்திருக்கிறது.

இப்படி மற்றவர் வீட்டுக் குறையைத் தன் செலவில் சரிசெய்வது அவர்களுக்குப் புதிதில்லை. சிம்சிட்டி என்ற விளையாட்டில் ஒரு பிழை இருந்தது. 'இந்த நினைவக இடம் எனக்கு வேண்டாம்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த நொடியே அதே இடத்திலிருந்து படிக்கும். பழைய விண்டோஸில் அந்த இடம் உடனே வேறு யாருக்கும் போகாததால் பிழை தெரியவில்லை. விண்டோஸ் 95-இல் விளையாட்டு நொறுங்கியது. பழி விண்டோஸ் மேல்தான் விழும் என்று தெரிந்த பொறியாளர்கள், ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆமென்றால் நினைவகத்தை உடனே பறிக்காமல் விட்டுவைக்கும் சிறப்பு வழியை இயங்குதளத்திலேயே சேர்த்தார்கள். இணக்கம் தானாக வருவதில்லை, ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைக் காப்பாற்ற வேண்டும். ஆப்பிள் அந்தச் செலவை விரும்பாத நிறுவனம்: 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பில் 32-பிட் நிரல்கள் அனைத்தையும் ஒரேயடியாக நிறுத்தியது.

மறுகோடியில் ஐபிஎம். 1964 ஏப்ரல் 7 அன்று அது சிஸ்டம்/360 என்ற கணினி வரிசையை அறிவித்தது. அதுவரை சின்னக் கணினியிலிருந்து பெரியதற்குப் போனால் நிரல்களை மறுபடி எழுத வேண்டும். 360 வரிசையில் எந்த அளவுக் கணினி வாங்கினாலும் அதே நிரல் ஓடும் என்று வாக்குக் கொடுத்தார்கள். இதற்கு 500 கோடி டாலர் ஆனதாக அன்றைய பத்திரிகைகள் எழுதின. வாக்கு இன்றும் நிற்கிறது. அறுபதுகளில் எழுதிய பயன்பாட்டு நிரல் இன்றைய ஐபிஎம் பெருங்கணினியில் ஓடும். அறுபது வருட இணக்கம் தொழில்நுட்பத்தால் முடியாதது இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் அதைப் பயன்படுத்தும் வங்கிகள் இயங்குதளத்துக்கு மாதாமாதம் உரிமக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கின்றன. மென்பொருளுக்குத் தனி விலை என்ற பழக்கத்துக்குப் பெரிய வழி திறந்துவிட்டதும் இதே ஐபிஎம்தான். 1969 வரை பெரும்பாலும் கணினியோடு சேர்த்தே மென்பொருளைக் கொடுத்துவந்தது, அந்த ஆண்டு ஜூனில் பிரித்து விற்கப்போவதாக அறிவித்தது.

ஆகவே புதுப்பிப்புக்குப் பணம் கேட்பதையே குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அது நுழைந்த ஓட்டைக்கான ஒட்டு மார்ச் மாதமே வந்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். மூன்றாண்டு முன்பே ஆதரவு முடிந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஓர் ஒட்டு வெளியிட்டது. இந்த வேலையெல்லாம் யாரோ செய்கிறார்கள், அவர்களுக்குக் கூலி உண்டு. என் சண்டை வேறு இடத்தில். முன்பெல்லாம் 'எனக்குப் புதுசு வேண்டாம், இருப்பதே போதும்' என்று வாடிக்கையாளர் நின்றுகொள்ள முடிந்தது. 2013 மே மாதம் பேஜ்மேக்கரை விற்றுவந்த அடோபி, சிஎஸ்6 என்ற தன் மென்பொருள் தொகுப்போடு ஒருமுறை விலைக்கு விற்பதை முடித்துக்கொண்டு சந்தாவுக்கு மாறுவதாக அறிவித்தது. சந்தாவில் நின்றுகொள்ளும் இடமே கிடையாது. அடோபியின் பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில், பேஜ்மேக்கர் கோப்பை நேரே திறக்கத் தெரிந்த கடைசிப் பதிப்பும் அந்த சிஎஸ்6-தான்.

சந்தா நின்றால் மென்பொருள் நிற்கிறது என்றால், அதை நிறுத்துவது எது? இங்கேதான் இரண்டாவது விவகாரம் தொடங்குகிறது. பழைய பூட்டு டாங்கிள். கணினியின் பின்னால் பிரிண்டர் செருகும் இருபத்தைந்து துளைப் பொருத்தியில் மாட்டும் சின்னக் கட்டை. மென்பொருள் அவ்வப்போது அதனிடம் ஒரு கேள்வி அனுப்பும், சரியான விடை வந்தால்தான் மேலே ஓடும். இந்திய மொழி எழுத்துருத் தொகுப்புகள் பலவும் இப்படித்தான் வந்தன. அந்தப் பொருத்தியே கணினிகளிலிருந்து மறைந்தது. யூஎஸ்பி டாங்கிள்களுக்கும் சோதனை வந்தது: 64-பிட் விண்டோஸ், கருவியோடு பேச உதவும் 'டிரைவர்' என்ற நிரல் 32-பிட்டாக இருந்தால் ஏற்காது, 64-பிட் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து மின்னொப்பம் இல்லாத டிரைவரையும் உள்ளே விடாது. புது டிரைவர் எழுதித் தர விற்றவர் இருந்தால் உண்டு.

இன்றைய பூட்டு அந்த மின்னொப்பத்தையே நம்பி நிற்கிறது. விற்பவர் ஓர் உரிமக் கோப்பு தருகிறார்: வாங்கியவர் பெயர், கணினியின் அடையாளம், முடியும் தேதி. அதன் சுருக்கெண்ணை எடுத்து, தன்னிடம் மட்டும் இருக்கும் 'தனித்திறவி' என்ற ரகசிய எண்ணால் ஒரு கணக்குப் போட்டு, வந்த விடையைக் கோப்பின் அடியில் ஒட்டுகிறார். மென்பொருளுக்குள் 'பொதுத்திறவி' என்ற ஜோடி எண் இருக்கிறது. அதை வைத்து ஒப்பத்தைச் சரிபார்க்கலாம், புதிதாகப் போட முடியாது. உரிமக் கோப்பை நோட்பேடில் திறந்து 2024-ஐ 2034 ஆக்கினால் சுருக்கெண் அடியோடு மாறும், ஒப்பம் ஒத்துவராது, மென்பொருள் படுத்துவிடும்.

பொதுத்திறவியிலிருந்து தனித்திறவியைக் கண்டுபிடிக்க முடியாது என்று எப்படி அவ்வளவு உறுதி? ஆர்எஸ்ஏ என்ற முறையில் அதற்கு ஒரு பெரிய எண்ணை அதன் இரண்டு பகாக் காரணிகளாக உடைக்க வேண்டும். இதைப் பகிரங்கமாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1977-இல் சவாலாக விட்ட 129 இலக்க எண்ணை உடைக்க 1994 ஆனது. 250 இலக்க எண் 2020-இல் உடைந்தது. ஒரே ஒரு செயலிக் கரு அதைத் தனியாகச் செய்திருந்தால் சுமார் 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும். புழக்கத்தில் இருக்கும் 2048-பிட் எண்ணுக்கு 617 இலக்கம். இது கணித நிரூபணம் இல்லை, பல பத்தாண்டுகளாகப் பலர் முயன்றும் சுருக்குவழி அகப்படவில்லை என்ற அனுபவம்தான். ஆனாலும் பூட்டு உடைபடுகிறதே என்றால், உடைப்பவர்கள் ஒப்பத்தைத் தொடுவதே இல்லை. 'ஒப்பம் சரியா' என்று மென்பொருள் கேட்டுப் பார்க்கும் இடத்தைக் கண்டுபிடித்து, விடை எதுவானாலும் தாண்டிப் போகும்படி ஓரிரு பைட்களைத் திருத்திவிடுகிறார்கள்.

தேதியைப் பின்னால் தள்ளி ஏமாற்றலாமே என்று யாருக்கும் தோன்றும். மென்பொருள் கடைசியாகத் தான் பார்த்த தேதியை ஒரு மூலையில் குறித்து வைத்திருக்கும். இன்றைய தேதி அதற்கு முந்தியதாக இருந்தால் திருட்டு என்று முடிவுகட்டும். மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரி செத்துப்போனால், கணினியை அணைத்துப் போடும்போது தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். சந்தாவை ஒழுங்காகக் கட்டியவர் நாற்பது ரூபாய் பேட்டரியால் திருடராகி நிற்பார்.

இதைவிட மோசம், உரிமத்தைச் சரிபார்க்கும் சேவையகமே மூடப்படுவது. அடோபியின் சிஎஸ்2 தொகுப்புக்கான செயலாக்கச் சேவையகம் 2013 தொடக்கத்துக்குள் நிறுத்தப்பட்டுவிட்டது. முழு விலை கொடுத்து வாங்கியவர் கணினியை ஃபார்மட் செய்தால் மறுபடி ஏற்ற வழியில்லை. அடோபி அப்போது நியாயமாக நடந்துகொண்டது. சேவையகத்தைத் தேடாத பதிப்பையும் அதற்கான வரிசை எண்களையும் வெளியிட்டது. எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யும் என்பதற்கு உத்தரவாதமில்லை, நிறுவனமே இல்லாமல் போனால் கேட்கவும் ஆளில்லை. பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி வைத்திருப்பவருக்கோ இந்தச் செய்தி காதில்கூட விழுந்திருக்காது.

உங்கள் மென்பொருளுக்கு வந்தது எந்த நோய் என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கணினிக்குள் ஒரு 'மெய்நிகர் கணினி' அமைத்து, அதில் அந்தக் காலத்து விண்டோஸை ஏற்றி, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடினால், மாறியது சுற்றுப்புறம் மட்டுமே. அதன் சொந்த வீட்டிலேயே வைத்தும் 'உரிமம் இல்லை' என்று அடம்பிடித்தால், அது வயதின் கோளாறு இல்லை, எழுதி வைத்த பூட்டு.

பூட்டுதான் என்று தெரிந்த பிறகு, முறையாக வாங்கியவர் அதைத் திறக்கலாமா? நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறைப்படி வைத்திருக்கும் நிரலுக்குக் காப்புப் பிரதி எடுக்க அனுமதிக்கிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. வழக்கு வந்தால் எல்லாம் அந்த 'நோக்கம்' என்ற சொல்லைச் சுற்றித்தான் ஓடும். அமெரிக்காவின் 1998 சட்டம் இன்னும் கறார், பூட்டை உடைப்பதையே தடுக்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை விலக்குப் பட்டியல் போட்டுக் கொஞ்சம் தளர்த்துகிறது. 2003 பட்டியலில் டாங்கிளுக்கு இடம் கிடைத்தது: டாங்கிள் பழுதாகி, அது வழக்கொழிந்தும் போயிருந்தால், அந்த நிரலின் பூட்டைத் திறக்கலாம். ஆனால் எந்த விலக்குக்கும் ஆயுள் அடுத்த பட்டியல் வரைதான், ஒவ்வொரு முறையும் யாராவது மறுபடி கேட்டு வாங்க வேண்டும். டாங்கிள் விலக்கு 2006-இலும் 2010-இலும் புதுப்பிக்கப்பட்டது. 2012 பட்டியலில் அது இல்லை.